யாழினியின் முதல் வார்த்தை

ஞாயிறு, இரவு

மன்னித்துக்கொள் யாழினி, நீ தூங்கும்போது பக்கத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

நேற்றுதான் நாம் முதன்முறையாகக் கூடாரத்தில் தங்கினோம். ஏரிக்கரையில் இறங்கியதிலிருந்தே எனக்குப் பாம்பு பயம். இருட்டுவதற்குள் எமர்ஜென்சி லைட்டைப் போட்டு, உன்னை மடியிலேயே பிடித்து வைத்திருந்தேன். "இதுக்கு வீட்டு ஹால்லயே உக்காந்திருக்கலாம்" என்று அப்பா அதை அணைத்துவிட்டார்.

எதிர்மரம் முழுக்க மின்மினிகள்! எல்லாம் ஒன்றாக எரிந்தன, ஒன்றாக அணைந்தன. மூன்று வயதை நெருங்கியும் ஒரு வார்த்தை பேசாத நீ, என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "நோடு!" என்றாய்.

'பார், பார்' என்று தமிழில் எத்தனை முறை சொல்லியிருப்போம்! டேகேர் ஆன்ட்டியின் கன்னடம்தான் உன் வாயில் வந்தது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நாம தமிழ்ல கெஞ்சிட்டிருந்தோம், மேடம் கன்னடத்துல ஆர்டர் போடறாங்க" என்றார்.

அவ்வளவு அழகைப் பார்த்ததும் அதை அம்மாவுக்கும் காட்ட வேண்டும் என்று உனக்குத் தோன்றியிருக்கிறதே. அதை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது.

இன்று முழுக்க நீ மறுபடி வாய் திறக்கவில்லை. பால்கனியில் நின்று, "பஸ் நோடு, நாய் நோடு" என்று நானே கன்னடத்தில் கெஞ்சினேன். நீ சிரித்ததோடு சரி. ஒருவேளை... வேண்டாம், அதை எழுத மாட்டேன்.

காலையில் எழுந்ததும் ஏதாவது ஒன்று சொல்லு, கண்ணு. எந்த மொழியானாலும் சரி.