இரண்டாவது கட்டம்

கப்பலில் இருக்கும் கோபக்காரருக்கு,

இங்கே நானும் அத்தையும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தைக் கேட்டால் பதில் வராது. போனை எடுக்கமாட்டீர்கள், மெயிலைத் திறக்கமாட்டீர்கள். அதனால்தான் இந்தக் காகிதம். கேபிள் பழுதுபார்க்கும் உங்கள் கப்பல் பதினாலாம் தேதி எந்தத் துறைமுகத்துக்கு வரும் என்று கப்பல் கம்பெனியில் விசாரித்து அங்கேயே அனுப்புகிறேன். என் கையெழுத்தைக் கிழித்துப்போட உங்களுக்கு மனசு வராது.

மழை மூன்று நாளாக விடவில்லை. மாடி அறையில் உங்கள் நாற்காலி அப்படியே இருக்கிறது. ரூட்டர்களின் பச்சை விளக்கு ஜன்னல் கண்ணாடியில் விழுந்து, மழைக்குள் யாரோ மெல்ல நடந்துபோவது மாதிரித் தெரிகிறது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அத்தைக்கு முட்டிவலி தேவலை. மகன் மேல் இருக்கிற கோபத்தையெல்லாம் என்னைத் திட்டித் தீர்த்துக்கொள்கிறார்.

நாம் ஊருக்குக் கொடுக்கும் இன்டர்நெட்டுக்காக, உங்களைக் கேட்காமல் புது கம்பெனி லைனுக்கு நான் கையெழுத்துப் போட்டது தப்புதான். பழைய லைன் வாரம் இரண்டு தடவை படுத்துக்கொண்டால் நான் என்னதான் செய்வேன்? “இனிமே எல்லாத்தையும் நீயே பாத்துக்கோ” என்று பெட்டியைத் தூக்கினீர்கள். பார்த்துக்கொண்டேன். கம்பத்தில் ஏணி சாய்த்துப் பிடிப்பதுவரை பார்த்துக்கொண்டேன். ஒன்றே ஒன்றுதான் முடியவில்லை.

பழைய லைன் இருபதாம் தேதியோடு நிற்கிறது. புது கம்பெனியின் இன்ஜினியர் பொறுமையான பெண். “அக்கா, எங்க மெஷின் யார் பேச்சையும் கேக்காது. இணையத்தோட வழிப் பதிவேட்டைத்தான் படிக்கும். உங்க இணைய முகவரிங்க எங்க வழியா வரும்னு அதுல இருந்தா உள்ள விடும், இல்லேன்னா தள்ளிடும். எங்களுக்கு அப்பால இருக்கிற பல கம்பெனிங்களும் அப்படித்தான்” என்றாள். அடுத்தவர் விலாசத்தை ஒருத்தன் தன்னுடையது என்று சொல்லிவிடக் கூடாதே, அதற்கான காவல். பதிவேட்டில் நமக்கு நேரே இன்னும் பழைய கம்பெனிதான் இருக்கிறது. அதை மாற்றப் பதிவுக்குப் பொறுப்பானவரின் பாஸ்வேர்டு வேண்டும். அந்தப் பொறுப்பானவர் நீங்கள் ஒருவர்தான்.

அது யார் செய்த வேலை? நான்தான், வேறு யார். கல்யாணமான புதிது. ஒருவருக்கு ஏதாவது ஆனால் இன்னொருவர் பார்க்கட்டும் என்று இந்தத் தொழிலில் எல்லோரும் இரண்டு பேரைப் போடுவார்கள். நான் பதிவுப் படிவத்தில் உங்கள் பெயரை மட்டும் டைப் செய்துவிட்டு இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டேன். “உன் பேரையும் போடேன்” என்றீர்கள். “நீங்க வேற, நான் வேறயா?” என்றேன். ஆகா, என்ன வசனம்! பதிவேட்டு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். புது பாஸ்வேர்டு உங்கள் மெயிலுக்குத்தான் வருமாம். ஆவணங்களைச் சரிபார்த்து என் பெயரைச் சேர்க்க ஆறு வாரமாகுமாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணும் என்பார்கள். நம் பூசாரியோ நடுக்கடலில்.

நேற்று மத்தியானம் உங்கள் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் தெரு முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். கண் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய ஸ்கேன் படங்கள், பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டிய பாடங்கள், தினமும் சாயந்திரம் எதிர்வீட்டு அம்மாவின் போனில் வந்து நிற்கும் அவர் மகளின் முகம், எல்லாம் வரிசையாக நடந்து வந்தன. தெருமுனையில் பதிவேடு திறந்து கிடந்தது. ஒவ்வொன்றும் குனிந்து உங்கள் பெயரைப் படித்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பி நடந்தது. “இங்கதான், வீடு இங்கதான்” என்று கத்திப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. கொஞ்சநேரத்தில் நானும் அவற்றோடு நடக்க ஆரம்பித்தேன். தண்ணீர் இதமாக இருந்தது. விழித்தபோது அத்தை என்மேல் போர்வை போர்த்தியிருந்தார்.

கரையில் கால் வைத்ததும் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். நம்மை நம்பி முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு இருக்கிறது. பதிவேட்டில் முதலில் புது கம்பெனியைச் சேர்த்துவிடுங்கள், லைன் மாறியபிறகு பழையதை எடுங்கள். உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? அப்படியே இரண்டாவது கட்டத்தில் என் பெயரையும் போட்டுவிடுங்கள்.

அதோடு உங்கள் பெயரை எடுத்துவிடலாம், இனி உங்களுக்குத் தொந்தரவு தரமாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்தாயிற்று, கை வரவில்லை. உங்கள் பெயர் என் பெயருக்கு மேலே அங்கேயே இருக்கட்டும். “ஆள் போன பிறகும் பேர் கிடந்தா, அதை நம்பி வர்றவன் கெட்டான்” என்று நீங்கள்தானே சொல்வீர்கள். அந்தப் பதிவைப் பொய்யாக்கிவிடாதீர்கள்.

வாசல் விளக்கு எரிகிறது.

இப்படிக்கு,
இரண்டாவது கட்டத்துக்காகக் காத்திருக்கும்
உங்கள் மனைவி