டிரிப்ஸ் பையும் என் மூக்கும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும், குறைமாதத்திலேயே அவசரப்பட்டு வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கும் என் பேரனும் சௌக்கியமாக இருக்கணும். அவனுக்கு டிரிப்ஸில் உணவு ஏற்றும் பை வந்தால் போதும், யார் கலந்தது, கை கழுவினாரா என்று நர்ஸைப் பிடித்து நீ விசாரணை நடத்துகிறாயாம், நேற்று முகர்ந்தே பார்த்துவிட்டாயாம், மாப்பிள்ளை போனில் புலம்பினார். உங்க ஊர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இதே மாதிரிப் பைகளைக் கலக்கிற அப்பா இருக்கும்போது என்ன பயம் என்று அவர் கேட்டதற்கு, அவரைத் தெரிஞ்சதாலதான் பயமே என்றாயாம். நியாயம்தான். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிற ஆள்தானே நான். உன் அம்மா இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆனால் அந்த அறைக்குள் போகிற ஆள் வேறு. மோதிரம், வாட்ச் எல்லாம் வெளியே. தொப்பியும் மாஸ்க்கும் மாட்டி, முழங்கை வரை தேய்த்துக் கழுவி, அங்கியும் கையுறையும் போட்டாகணும், என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு மெனக்கெட்டதில்லை. பாட்டிலின் ரப்பர் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அது தானாகக் காயும்வரை நிற்கணும், ஊதக் கூடாது. வடிகட்டிய காற்று வீசுகிற மேடையில் காற்றுக்கும் ஊசிக்கும் நடுவே கை வரக் கூடாது, பேச்சும் இருமலும் கூடாது. இதெல்லாம் பழகிவிடும், கையை உள்ளே நீட்டியதுமே மூக்கு அரிக்கும் பார், அதற்குத்தான் மருந்தே இல்லை. போன வாரம் என்னையறியாமல் மாஸ்க்கைத் தொட்டுவிட்டேன். அதே விரல் ஊசியில் பட்டதா, தெரியவில்லை. யாரும் பார்க்கவில்லை. கலந்து முடிக்கப்போகிற பையைக் குப்பையில் போட்டுவிட்டு, கையுறை மாற்றி, முதலிலிருந்து கலந்தேன். தாமதத்துக்கு வார்டு நர்ஸம்மா போனில் என்னை உரித்துத் தொங்கப்போட்டார், வாங்கிக்கொண்டேன்.

பையில் ஒட்ட நேற்று வந்த லேபிளில் நம் பையனைவிட எடை குறைந்த குழந்தை. உள்ளே அழக் கூடாதே! வெளியே வந்து அங்கியைக் கழற்றிவிட்டு நன்றாக அழுதேன், மூக்கைச் சிந்தினேன், மறுபடி முழங்கை வரை கழுவிக்கொண்டு உள்ளே போனேன். யார் பெற்ற பிள்ளையோ, எனக்குத் தெரியாது. அங்கே உன் பிள்ளைக்குக் கலக்கிறவருக்கும் உன்னைத் தெரியாது. பையை மாட்ட விடு கண்ணு. அவன் சாப்பிடட்டும்.

மூன்று பேரும் நூறு வருஷம் நல்லா இருக்கணும். பிள்ளையைத் தொடுமுன் கையைக் கழுவு, மாப்பிள்ளையையும் கழுவச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா