ஏழாம் வகுப்புக்கு எடுத்துப்போன பை

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் இருக்கிறேன். அப்பா போய் நான்கு மாதம் ஆகிவிட்டது, அழுகை இன்னும் வரவில்லை, பள்ளிக்கூடம் போகிறேன் வருகிறேன், மாடிவீட்டுக்காரர் ஒருவழியாகத் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டபோது வேளாவேளைக்குச் சமைத்துச் சாப்பிடுகிறேன் என்றேன் அல்லவா, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ், ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியலை மனப்பாடம் இல்லாமல் அறிமுகப்படுத்துங்கள் என்று என் தலையில் கட்டிவிட்டார். ஒரு வாரக் குப்பையை மேசையில் கொட்டி, இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். மனிதர்கள் தங்களைப் பற்றிச் சொல்வது ஒரு சான்று, தூக்கிப்போடுவது இன்னொரு சான்று, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எதை நம்புவது, அதுதான் பாடம். ஆசிரியர் அறைக் கூடையை எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன், ஆயாம்மா காலையிலேயே அதைக் காலி செய்துவிட்டார். மணி அடிக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. அடுத்த தெருதானே என்று வீட்டுக்கு ஓடி, சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்த குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று யோசிக்கவே இல்லை. என் புத்தி இப்போது அந்த லட்சணத்தில்தான் வேலை செய்கிறது.

யார் வீடு என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் கையுறை போட்டுக்கொண்டு எண்ணினார்கள். பிஸ்கட் உறை பதினான்கு, சின்னப் பால் பாக்கெட் ஏழு, பருப்பு எண்ணெய் எதன் உறையும் இல்லை. ரத்த அழுத்த மாத்திரை அட்டை ஒன்று, ஒரு மாத்திரைகூடப் பிரிக்காமல். ஏழு நாள் பேப்பர், மடிப்புக் கலையாமல். முன்வரிசை வாயாடி ஒருத்தி, "இந்த வீட்ல ரெண்டு பேர் இருந்தாங்க டீச்சர், பேப்பர் படிக்கிறவர் இப்ப இல்ல, நிறுத்தச் சொல்ல இன்னொருத்தருக்கு மனசு வரல" என்றாள். அடுப்பே பத்த வைக்கிறதில்ல என்றான் ஒருவன். யாரோ வீட்டைப் பற்றிப்போல எல்லாவற்றையும் போர்டில் எழுதினேன். அந்த வீட்டில் இருப்பவர்களிடமே கேட்டால் என்ன சொல்வார்கள் என்றேன். நல்லா இருக்கேன்னு சொல்வாங்க என்றார்கள். எதை நம்புவது என்றேன். குப்பையை என்று வகுப்பே கத்தியது. வாயாடி மட்டும் "யாராவது போய் அவங்களப் பாக்கணும் டீச்சர்" என்றாள். எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ வரட்டுமா என்று கேட்டாய், லீவை வீணாக்காதே என்றேன். வா பாப்பா. எனக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. குழந்தையின் தடுப்பூசிச் சீட்டை எடுத்துக்கொள். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, போனில் கேட்டால் பழையபடி வேண்டாம் என்றுதான் சொல்வேன், அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் அம்மா