வியாழக்கிழமைக்கு ஒரு தையல் மிஷின்

பக்கத்து மிஷின்காரிக்கு,

நான் நலம். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஓர் உதவி வேண்டும். நம்மை அந்தத் தையல் கம்பெனியில் அடைத்து வைத்த இடத்திலிருந்து மீட்டபிறகு, பிழைத்துக்கொள்ளச் சொல்லி ஆளுக்கொரு தையல் மிஷின் கொடுத்தார்களே, உன்னுடையதை வியாழக்கிழமை ஒருநாள் இரவல் தருவாயா? மிஷின் கொடுத்த மறுவாழ்வு இல்லத்து மேடம் அன்றைக்குப் பார்க்க வருகிறார்கள். மிஷினோடு நான் இருக்கிற போட்டோ போனால்தான் அடுத்த ஆறு மாத வாடகைப் பணம் வரும்.

போன மாதமே, "எங்கம்மா மிஷினு?" என்று கேட்டார்கள்.

"ரிப்பேருக்குப் போயிருக்கு மேடம்" என்றேன்.

விற்றுவிட்டேன். குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல மிஷின். கொடுத்த அன்றே அதன் முன் உட்கார்ந்தேன். மதியம் தாகம் எடுத்தது. எழுந்து தண்ணீர் குடிக்க யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருட்டும்வரை உட்கார்ந்தே இருந்தேன். வீட்டில் நான் மட்டும்தான்.

அந்தக் காசில் பாய்லரும் ஒரு டஜன் கிளாசும் வாங்கி, பஸ் ஸ்டாப்பில் டீ விற்கிறேன். நாளெல்லாம் நிற்கிற வேலை, கால் வீங்குகிறது. மேடமிடம் சொன்னால், "ஏழு வருஷம் தைச்ச கை, அதை விட்டுட்டு டீ ஆத்தணுமா?" என்பார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான். அதனால்தான் உன் மிஷினைக் கேட்கிறேன்.

மிஷினைத் துணி போட்டு மூடியே கொண்டு வா. போட்டோ எடுக்கும்போது மட்டும் திறந்தால் போதும்.

நீயும் விற்றிருந்தால் பரவாயில்லை, சும்மா வா. நின்றுகொண்டே டீ குடிக்கலாம்.

இப்படிக்கு,
உன் இடது பக்கம் உட்கார்ந்திருந்தவள்