முப்பத்தாறு தவணை

பெரேரா நகரம், அக்டோபர்

பொகோட்டாவில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

கூரை ஒழுகுவது நின்றுவிட்டது. பூனை ஒழுங்காகச் சாப்பிடுகிறது. வேறென்ன எழுத? மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

கல்யாணமான புதிதில் ரொட்டிக் கடையில் என் கடன் அட்டையை நீட்டினேன். கல்லாவில் இருந்த பெண், இங்கே எதை வாங்கினாலும் கேட்பதுபோல, "எத்தனை தவணை போடட்டும்?" என்றாள். நான் பந்தாவாக, "பன்னிரண்டு" என்றேன். கடையே சிரிக்கும்படி நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "அடியே, நாளைக்குக் காலையில தீர்ந்துபோற ரொட்டிக்கு ஒரு வருஷம் வட்டி கட்டுவியா? ஒண்ணுன்னு சொல்லு, வட்டியே கிடையாது. ஒரு பொருள் எத்தனை நாள் நம்மகூட இருக்குமோ, அதுக்கு மேல தவணை போகக் கூடாது." அன்றிலிருந்து எனக்கு அதுதான் வேதவாக்கு.

இந்த மாத அட்டைக் கணக்கு வந்தது. உங்களிடம் இருப்பது என் அட்டையின் துணை அட்டை. எல்லாம் என் பெயருக்குத்தான் வரும். மறந்துவிட்டீர்கள் போல.

பொகோட்டாவில் ஒரு துணி துவைக்கும் எந்திரம். பெரியது. முப்பத்தாறு தவணை.

டிசம்பரில் வேலை முடிந்து வந்துவிடுவேன் என்றீர்கள்.

விலையை நான் கேட்கவில்லை. யார் யார் துணி என்றும் கேட்கவில்லை.

இன்று வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. தெருமுனைக்குப் போய் வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கினேன். கடைக்கார மிசாயெல், "பல வருஷம் உழைக்கும்மா, எத்தனை தவணை?" என்றார்.

"ஒண்ணே போதும். இதை இழுத்துட்டே போக வேண்டாம்" என்றேன்.

இரண்டு சாவி கொடுத்தார். இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
அட்டைக்குச் சொந்தக்காரி