மாதேஸ்வரனுக்குப் பகல் ஷிப்ட்டு

20 ஜனவரி 2025, திங்கள்

மாதேஸ்வரன் இன்று வேலைக்குத் திரும்பினான். போன மாதம் பிரஸ் மெஷின் முன்னால் நின்றபடியே அழ ஆரம்பித்தவன். நாங்கள்தான் மெஷினை நிறுத்தி, அவனைக் கூட்டிப்போய் உட்கார வைத்தோம். அதன் பிறகு சம்பளத்தோடு விடுப்பு. பெங்களூரில் டாக்டர், செலவு கம்பெனியுடையது. இன்று சூப்பர்வைசர் சுரேந்தர் கேட் வரைக்கும் போய், தோளில் கை போட்டு உள்ளே அழைத்து வந்தார். இனி அவனுக்குப் பிரஸ் வேண்டாமாம், பேக்கிங்காம். இரவு ஷிப்ட்டும் கிடையாது.

அவனுடைய இரவு ஷிப்ட்டு யாருக்கு? எனக்கு.

"தீர்த்தகிரி, நீ தாங்குவப்பா" என்றார்.

தாங்குவேன். தாங்குகிறவன் தலையில்தானே எல்லாவற்றையும் ஏற்றுவார்கள்.

24 ஜனவரி

காலையில் நான் கண் எரிய வெளியே வருகிறேன். அவன் குளித்து, விபூதி பூசி உள்ளே போகிறான். முகம் தெளிந்திருக்கிறது. வயிறு எரிகிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எரிகிறது.

29 ஜனவரி, புதன்

எச்.ஆர். ருக்மணி மேடம் எல்லாரையும் கூட்டிப் பேசினார். இனி புதன்கிழமைதோறும் கேன்டீன் பக்கத்து அறையில் ஒரு கவுன்சிலர் உட்காருவாராம். மனசு சரியில்லாதவர்கள் வேலை நேரத்திலேயே போய்ப் பேசலாம், சம்பளம் பிடிக்க மாட்டார்கள், பேசியது ஆபீசுக்கு வராது. "எந்த வார்டு கவுன்சிலருங்க மேடம்?" என்று விஜயகுமார் கேட்டான். எல்லாரும் சிரித்தோம். மாதேஸ்வரன் மட்டும் எழுந்து அந்த அறைக்குள் போனான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த அறை எங்கே போயிருந்தது?

எங்கள் பாப்பா பிறந்த அன்றைக்கே இறந்துவிட்டது. மூன்றாம் நாள் நான் மெஷினில் நின்றேன். ஆர்டர் அவசரம். ஷிப்ட்டு தொடங்கும் முன்னால் என்னை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, இவரைப் பார்த்துக் கத்துக்குங்க என்று கை தட்டினார்கள். பெருமையாகக்கூட இருந்தது அன்று. அவனுக்கு டாக்டர், எனக்குக் கைதட்டல். அவன் அழுதான், கிடைத்தது. நான் அழவில்லை — அதனாலா?

6 பிப்ரவரி

ஷிப்ட்டு மாறி இந்த வாரம் ஒரு நாள் எனக்கும் பகல். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் அவனுக்குப் பின் சீட்டு. யாரோ இரவு ஷிப்ட்டைப் பற்றிப் புலம்பினார்கள். நான் சத்தமாகவே சொன்னேன்: "அழத் தெரிஞ்சா பகல் ஷிப்ட்டு கெடைக்கும்டா. கத்துக்கங்க."

பஸ் முழுக்கச் சிரிப்பு. மாதேஸ்வரன் திரும்பவில்லை. அவன் ஊர் வருவதற்கு முன்பே, வேறு ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டான்.

நல்லா வேணும்.

8 பிப்ரவரி

நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. போனை எடுப்பதில்லை என்கிறார் சுரேந்தர். அவன் ஏதாவது பண்ணிக்கிட்டா? ஐயோ, நான் ஏன் வாயத் திறந்தேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

தளி போகிற பஸ் பிடித்து அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி சரிதா கதவைத் திறந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. அவன் கொல்லையில் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வேலையை விடுவதாக மேடத்துக்குச் சொல்லிவிட்டானாம். நான் தெரியாமல் பேசிவிட்டேன் என்றேன். தெரிந்துதான் பேசினேன், அவனுக்கும் அது தெரியும்.

தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "மத்தவங்க சிரிச்சா போவுதுணா. பாப்பா போனப்ப நீங்க பட்டதப் பாத்தவன் நானு. உங்களுக்குப் புரியும்னு நெனச்சிருந்தேன்."

சரிதா கொண்டுவந்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

10 பிப்ரவரி

ருக்மணி மேடத்திடம் போய், அவன் போவதற்குக் காரணம் நான்தான் என்றேன். அவன் ராஜினாமாவை அவர் இன்னும் ஏற்கவில்லையாம். ஒரு வாரம் வீட்டில் இருந்து யோசிக்கச் சொல்லியிருக்கிறாராம். பஸ்ஸில் நடந்ததற்காக என்னை எச்சரித்தார். அது நியாயம். எழுந்தபோது உட்காரச் சொன்னார்.

"அன்னைக்கு உங்கள வீட்டுக்கு அனுப்பியிருக்கணும் தீர்த்தகிரி. நாங்க கை தட்டினோம். அது எங்க தப்பு."

இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று கோபமாகக் கேட்டேன். கேட்கும்போதே அழுதுவிட்டேன். அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆயிற்று. மேடம் போன் அடித்தும் எடுக்கவில்லை.

13 பிப்ரவரி

என் மனைவி வினோதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாதேஸ்வரன் மேல் எனக்கு இருந்த பொறாமையையும் சேர்த்து. ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கும் உங்க மேல அதுதான் இருந்துச்சு. உங்களுக்காவது போறதுக்கு ஒரு கம்பெனி இருந்துச்சு. நான் தொட்டிலப் பாத்துக்கிட்டு இங்கயே கெடந்தேன்."

இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்.

17 பிப்ரவரி

மாதேஸ்வரன் வந்துவிட்டான். பஸ்ஸில் எல்லாரும் கேட்க மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினான்.

12 மார்ச், புதன்

இரவு ஷிப்ட்டை இனி எல்லாரும் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறோம். மேடம் போட்ட ஏற்பாடு. எனக்கு இரண்டு மாதம் முழுக்கப் பகல். விஜயகுமார் முணுமுணுக்கிறான். அவன் எரிச்சல் எனக்குப் புரிகிறது. மாதேஸ்வரன் மேல் எனக்கு இருந்ததும் சுத்தமாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அவனை முதலில் கவனித்தார்கள் என்பது இன்னும் குத்துகிறது.

வீட்டு ஆட்களையும் அழைத்து வரலாம் என்றதால் இன்று வினோதாவும் வந்தாள். கேன்டீன் பக்கத்து அறையில் இருவரும் உட்கார்ந்தோம். கவுன்சிலர் அம்மா பாப்பாவின் பெயரைக் கேட்டார். பெயர் வைக்கவில்லைங்க என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மகிழினி" என்றாள் வினோதா.

எனக்கு இன்றுதான் தெரியும்.