ஒரே முகத்துக்கு விழுந்த அடி

ஆரணி
12-7-1978

மதிப்பிற்குரிய அருணகிரி அண்ணனுக்கு, காசியம்மாள் வணங்கி எழுதுவது. நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. தபாலில் போட்டால் யார் பிரிப்பார்களோ என்று சின்னக்கண்ணு மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் தேசூரில் உங்கள் அக்கா வீட்டில் இருப்பீர்கள் என்று லாக்கப் கம்பி வழியாக என் வீட்டுக்காரர்தான் காதோடு சொன்னார். கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, யாரிடமும் மூச்சு விடாதே என்றும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ஆமாம் அண்ணா, அவர் லாக்கப்பில் இருக்கிறார். போன வெள்ளிக்கிழமை தறியில் உட்கார்ந்திருந்தவரை எழுப்பி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போளூர் சந்தையில் நெல் தரகரைக் கட்டையால் அடித்தது இவர்தானாம். தரகர் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. அவருடைய சம்சாரம் வந்து, இந்தப் பாவிதான், இந்த மூஞ்ச மறப்பனா என்று மண்ணை வாரித் தூற்றினாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் பார்த்த முகம் அதுதானே! உங்கள் அப்பாவைப் பார்த்துத் தரகர் செருப்பைத் தூக்கினாராம். யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? உங்கள்மேலும் கோபப்பட முடியவில்லை.

தரகருக்கு அடி விழுந்த அன்றைக்கு இவர் தறியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. அதைச் சொல்ல முதலாளி ஸ்டேஷன் படி ஏற மாட்டேன் என்கிறார். தெருக்காரர்களும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். நானே போய், இதே ஜாடையில் இன்னொருத்தர் இருக்கார் சாமி, ரெண்டு பேரும் சேர்ந்து நாடகம்கூட ஆடினாங்க என்று அழுதேன். பவுடரும் ஒட்டு மீசையும் வெச்சா எல்லாம் ஒரே மூஞ்சிதான், இங்கியும் நாடகம் ஆடிக்கினு கீறியா என்றார் இன்ஸ்பெக்டர். ஸ்டேஷனே சிரித்தது. அப்புறம், சரி, அவன் பேரு இன்னா என்றார். கம்பிக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். பேரை அப்படியே விழுங்கிவிட்டேன்.

திருவிழா நாடகத்தில் நீங்கள் வண்டிக்காரர், அவர் மாப்பிள்ளை. அவருக்கு விழ வேண்டிய மாலை உங்களுக்கு விழுந்தது, உங்களுக்கு விழ வேண்டிய விளக்குமாற்றடி அவருக்கு. ஐயோ நான் இல்லீங்க என்று அவர் அலறியபோது எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. யார் யாரென்று மேடையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியாது, பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தானே சிரித்தோம்? இங்கே தெரிந்தவள் நான் ஒருத்தி. சிரிப்பு எங்கிருந்து வரும்?

முதல் நாள் அவர் அதே மாதிரிதான் அலறினார். இப்போது சத்தமே இல்லை. முகம் ஒரு பக்கம் வீங்கிக் கண் மூடிவிட்டது. இன்னும் வீங்கினால், நீங்கள் வந்து பக்கத்தில் நின்றாலும் ஜாடை தெரியாது அண்ணா. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. தரகர் செத்துவிட்டால் கொலைக் கேஸ் என்கிறார்கள்.

வாருங்கள் என்றால், வந்து மாட்டிக்கொள்ளுங்கள் என்றுதான் அர்த்தம். தெரிந்தேதான் எழுதுகிறேன். அண்ணி கையில் பச்சைக் குழந்தை இருப்பதும் தெரியும். என் மகள் தனகோடி, அப்பா எங்கே என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் தினமும் அந்தப் பேரைக் கேட்கிறார். சத்தியத்தை மீறக் கூடாது என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நான் பயந்த பொம்பளை. நாளைக்கும் இப்படியே இருப்பேனா என்று எனக்கே நம்பிக்கை இல்லை. என் வாயால் வருவதற்குள் நீங்களாக வந்துவிடுங்கள், உங்கள் காலில் விழுகிறேன்.

அண்ணியையும் குழந்தையையும் ரேணுகாம்பாள் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
இன்றுவரை உங்கள் பேரைச் சொல்லாத தங்கை
காசியம்மாள்